படம் எடுத்தவரும் படத்தை முடித்தவரும்

திருமணமோ வணிகப் பொருளோ விற்பனைக்கு வந்த வீடோ, எதைப் படமெடுத்தாலும், எடுத்த படங்களைத் தாமே கணினியில் திருத்திக்கொண்டிராமல் அந்த வேலையைக் கட்டணம் கொடுத்து வெளியாரிடம் ஒப்படைக்கும் வழக்கம் இன்று உலகின் பல நாடுகளில் ஒளிப்படத் தொழிலின் அன்றாட நடைமுறையாகிவிட்டது. ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கி எடுப்பது, அவற்றின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரே சீராக்குவது, முகத்துப் பருவையும் பின்னணிக் குப்பையையும் நீக்குவது, ஆல்பத்தின் பக்கங்களை வடிவமைப்பது ஆகிய வேலைகள் எல்லாம் சேர்ந்துதான் தொழிலில் எடிட்டிங் என்று வழங்குகின்றன. இவற்றை வேறொருவர் கையில் கொடுப்பது இணையம் வந்த பிறகு தோன்றிய புதுமை என்றே பலரும் கருதுகின்றனர். தொழிலின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. படமெடுப்பவர் ஒருவர், அதைக் கழுவித் திருத்திப் பிரிண்ட் போட்டு முடிப்பவர் வேறொருவர் என்பதே தொழில்முறை ஒளிப்படத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெரும்பாலும் நிலவிவரும் ஒழுங்கு. எல்லா வேலையையும் ஒருவரே செய்துகொண்ட நிலை தொடக்கத்தில் சில ஆண்டுகளும், டிஜிட்டல் கேமரா வந்த பின் சில ஆண்டுகளுமே பரவலாக இருந்தது. ஆகவே இன்றைய வெளியொப்படைப்பைப் புதுமை என்று கொள்வதைவிட, இடையில் அறுந்துபோன பழைய ஏற்பாடு மீண்டும் தொடர்கிறது என்று கொள்வதே பொருந்தும்.

1839ஆம் ஆண்டு பாரிஸில் அறிவிக்கப்பட்ட டாகெரோடைப் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டைப் பளபளப்பாகத் தேய்த்து, அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து எடுத்து, பாதரச ஆவியில் உருவத்தை வெளிக்கொணர வேண்டியிருந்தது. ஒரு தகட்டில் விழுவது ஒரே படம். அதிலிருந்து பிரதி எடுக்க வழியில்லை. பிரதி இல்லாத இடத்தில் வேலையைப் பெரிய அளவில் பிரித்துக் கொடுக்கவும் இடமில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் உருவாக்கி 1841இல் காப்புரிமை பெற்ற முறை காகித நெகட்டிவை அடிப்படையாகக் கொண்டது. நெகட்டிவ் என்பது ஒளியும் நிழலும் இடம் மாறிப் பதிந்த மூலப் படம். அதை உணர்திறன் ஏற்றிய வேறொரு தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் சரியான படம் கிடைக்கும், எத்தனை முறை வேண்டுமானாலும் கிடைக்கும். படமெடுக்கும் வேலையும் பிரதி போடும் வேலையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு ஆட்களால் நடக்கலாம் என்ற சாத்தியம் இந்த முறையில்தான் பிறந்தது.

அதை டால்பட்டே முதலில் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய வீட்டுப் பணியாளராக இருந்த நிக்கோலாஸ் ஹென்னமன் என்ற டச்சுக்காரர், 1844இல் ரெடிங் நகரில் ஒரு பிரதிக்கூடத்தைத் தொடங்கினார். மரச் சட்டங்களில் நெகட்டிவும் தாளுமாக அடுக்கி, கட்டடத்தின் வெளிமுற்றத்தில் வெயிலுக்கு நேராக நிறுத்தி, நிறம் ஏறியதும் உள்ளே கொண்டுபோய் நிலைநிறுத்திக் கழுவும் வேலை அங்கே நடந்தது. 1844க்கும் 1846க்கும் இடையில் ஆறு பகுதிகளாக வெளிவந்த டால்பட்டின் 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலுக்கான 24 படங்களின் பிரதிகள் அங்குதான் தயாராயின. ஆனால் அவசரமாகக் கழுவிய பிரதிகள் பல சில ஆண்டுகளுக்குள்ளேயே மங்கி மறைந்தன. வேலையைப் பிறரிடம் கொடுத்தவர் நேரத்தை மீட்டுக்கொள்கிறார், தரத்தின் மீதான நேரடிக் கண்காணிப்பையோ இழக்கிறார் என்ற சிக்கல் ரெடிங் முற்றத்திலேயே தொடங்கிவிட்டது.

பிரான்சில் லூயி தெசிரே பிளாங்கார்-எவ்ரார் 1851இல் லீல் நகரில் நிறுவிய அச்சகம் இதே வேலையைத் தொழிற்சாலை ஒழுங்கில் செய்தது. வெயில் மட்டுமே நிறத்தை ஏற்றட்டும் என்று காத்திராமல், சிறிது நேரமே ஒளி காட்டிய தாளில் வேதிக் கரைசலால் உருவத்தை வெளிக்கொணரும் முறையை அவர் கையாண்டதால், ஒரே நெகட்டிவிலிருந்து ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பிரதிகள் எடுக்க முடிந்தது. பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு படிநிலை ஒதுக்கப்பட்டிருந்தது. எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் பயணம் செய்து நெகட்டிவ்களோடு திரும்பிய மாக்சிம் து காம், 1852இல் 125 படங்கள் கொண்ட தம் நூலை வெளியிட்டபோது, பிரதிகளை இந்த அச்சகமே போட்டுக் கொடுத்தது. நூலின் முகப்பில் பயணியின் பெயர் இருந்தது. தாளைக் கழுவிய பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கத்தைக் காண இந்தியாவுக்கு வரலாம். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட கேப்டன் லின்னேயஸ் டிரைப், அதற்கு முன் பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவுடன் எடுத்த படங்களிலிருந்து 120ஐத் தேர்ந்து 50 தொகுதிகளாகத் தர வேண்டியிருந்தது. கணக்குப் போட்டால் 6,000 பிரதிகள். 1855இல் சில மாதங்களில் எடுத்து முடித்த படங்களுக்கு, பெங்களூரில் உதவியாளர்களோடு உட்கார்ந்து பிரதி போட அதைவிட நெடுங்காலம் பிடித்தது. டிரைப் நெகட்டிவ்களைத் திருத்தவும் செய்தார். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக வசப்பட்டதால் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். அந்த வெறுமையைப் போக்க, மெழுகேற்றிய காகித நெகட்டிவின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களையும் இலைத்தொகுதிகளையும் அவர் உருவாக்கினார். 1858இல் வெளிவந்த அவருடைய மதுரை, தஞ்சாவூர், திருவரங்கப் படங்களைக் காண்போர் வியக்கும் வானத்தில் ஒரு பங்கு தூரிகையால் வந்தது. இத்தனை உழைப்பும் ஒரே அலுவலகத்தின் தலையில் விழுந்தபோது செலவு கூடியது. ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் அதை ஆடம்பரச் செலவு என்று கருதி 1860இல் அந்த அலுவலகத்தையே மூடிவிட்டார்.

தொழிலை முற்றிலும் மாற்றியது சிறுபடம். பாரிஸ் ஒளிப்படக்காரர் ஆந்த்ரே தீஸ்தேரி 1854இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுப் படங்கள் வரை எடுத்து, பிரதி போட்டு, வெட்டி, விசிட்டிங் கார்டு அளவுள்ள அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். விலை இறங்கியது, நடுத்தரக் குடும்பங்கள் ஸ்டுடியோ வாசலில் நின்றன. ஸ்டுடியோ என்பது பல அறைகள் கொண்ட பட்டறை ஆயிற்று. தகடு துடைப்பவர், வேதிப்பூச்சு ஏற்றுபவர், கேமரா இயக்குபவர், பிரதி போடுபவர், அட்டையில் ஒட்டுபவர், வண்ணம் தீட்டுபவர் எனத் தனித்தனி ஆட்கள் இருந்தனர். நியூயார்க்கின் மாத்யூ பிரேடி கண்பார்வை குன்றியவராதலால் கேமராவைத் தாமே இயக்கியது குறைவு. ஆயினும் ஸ்டுடியோவிலிருந்து வெளியேறிய படங்களில் அவர் பெயரே இருந்தது. மான்ட்ரியலில் 1856இல் ஸ்டுடியோ தொடங்கிய வில்லியம் நாட்மன் தம்மிடம் ஓவியர்களுக்கென்றே ஒரு பிரிவை வைத்திருந்தார். 1870இல் அந்நகரின் பனிச்சறுக்கு அரங்கில் நடந்த மாறுவேட விழாவைக் காட்டும் அவருடைய பெரும்படம், விருந்தினர்களைத் தனித்தனியே ஸ்டுடியோவில் எடுத்து, உருவங்களை வெட்டி, தீட்டிய பின்னணியில் ஒட்டி, மீண்டும் படமெடுத்து உருவாக்கிய கூட்டுப்படம். இன்று கணினியில் அடுக்கு அடுக்காகச் செய்யும் வேலையைக் கத்தரிக்கோலாலும் பசையாலும் ஓவியர்கள் அன்று செய்திருக்கின்றனர்.

பிரேடியிடம் பணியாற்றி விலகிய அலெக்சாண்டர் கார்ட்னர் செய்த ஒன்றை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர்ப் படங்கள் 100ஐத் தொகுத்து 1866இல் அவர் வெளியிட்ட இரு தொகுதி நூலில், படங்களின் கீழே நெகட்டிவை எடுத்தவர் யார், அதிலிருந்து பிரதியை உருவாக்கியவர் யார் என இருவர் பெயரையும் தனித்தனியே அச்சிட்டார். கெட்டிஸ்பர்க் போர்க்களத்தின் புகழ்பெற்ற படம் ஒன்றின் கீழே நெகட்டிவுக்கு டிமோதி ஓ'சல்லிவனும் பிரதிக்குக் கார்ட்னரும் குறிக்கப்பட்டிருக்கின்றனர். ஒரு படத்துக்கு இரண்டு உழைப்பாளிகள் உண்டு என்பதை இவ்வளவு நேர்மையாக ஒப்புக்கொண்ட நூல்கள் அதற்குப் பின்னும் மிகச் சிலவே.

இனி டச்சிங். நெகட்டிவைக் கையால் திருத்தும் வேலைக்குத் தமிழகத்து ஸ்டுடியோக்களில் இதுவே பெயர். மியூனிக் நகரின் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரே உருவப்படத்தைத் திருத்தாமலும் திருத்தியும் அருகருகே வைத்துக் காட்டியதாகவும், அதிலிருந்தே நெகட்டிவைத் திருத்துவது பரவியதாகவும் பல வரலாற்று நூல்கள் கூறுகின்றன. யார் முதலில் செய்திருந்தாலும், தேவை வேதியியலிலிருந்து வந்தது என்பது உறுதி. நீல ஒளிக்கு மட்டும் வசப்படும் தகட்டில் சிவப்பும் மஞ்சளும் கருமையாகவே விழும். கன்னத்தின் செம்மை அழுக்காகவும், வெள்ளையர் முகத்தின் செம்புள்ளிகள் கரும்புள்ளிகளாகவும், நேரில் கண்ணுக்குத் தெரியாத சுருக்கம் ஆழ்ந்த கோடாகவும் தெரியும். கண்ணாடியில் தம்மைப் பார்த்துப் பழகியவர் படத்தில் பத்து வயது கூடித் தெரிந்தால் பணம் கொடுக்கத் தயங்குவார். ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் 1873இல் சாயங்களின் துணையால் தகட்டின் உணர்திறனைப் பிற நிறங்களுக்கும் நீட்டலாம் என்று கண்டறிந்த பிறகும், எல்லா நிறங்களுக்கும் வசப்படும் தகடுகள் 1906 வாக்கில்தான் விற்பனைக்கு வந்தன. அதுவரை, பென்சில் ஸ்டுடியோவின் இன்றியமையாத கருவியாக இருந்தது.

டச்சிங் மேசை சாய்வானது. நடுவில் நெகட்டிவ் அளவுக்கு ஒரு திறப்பும், கீழே சன்னல் வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பும் கண்ணாடியும், பக்க வெளிச்சம் கண்ணில் படாதபடி மேலே ஒரு மூடாப்பும் இருக்கும். வழவழப்பான நெகட்டிவ் பரப்பில் பென்சில் பிடிக்காது. ஆகவே டாமர் பிசினை டர்பன்டைனில் கரைத்த திரவத்தில் ஒரு சொட்டைத் துணியால் வட்டமாகத் தேய்த்து, பரப்பில் லேசான பிடிப்பை உண்டாக்குவார்கள். கெட்டியான கிராஃபைட் முனை கொண்ட பென்சிலை ஊசிபோல நீளமாகச் சீவி, நுனியை உப்புத்தாளில் உருட்டிக் கூராக்கிக்கொண்டு, கை அழுந்தாமல் கமா வடிவச் சிறு கீற்றுகளாலும் புள்ளிகளாலும் மெலிந்த இடங்களை நிரப்புவார்கள். முகத்தில் கருமையாக விழும் புள்ளி நெகட்டிவில் தெளிந்த ஓட்டையாக இருக்கும். அதைப் பென்சில் கரி அடைத்தால் பிரதியில் அவ்விடம் வெளுக்கும். இதற்கு நேர்மாறாக, மிகையாக வெளுத்த இடத்தைக் கருமையாக்க வேண்டுமானால், கூரிய கத்தியால் நெகட்டிவின் பசைப்படலத்தை இழை இழையாகச் சுரண்ட வேண்டும். பென்சில் தவறினால் துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம், கத்தி தவறினால் நெகட்டிவ் போயிற்று. நாள் முழுவதும் தலைகீழான ஒளிநிழலைப் பார்த்தபடியே, பிரதியில் அது எப்படி மாறும் என்பதை மனத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்த இந்தத் திறமையைக் கைவினைகளுள் உயர்ந்த ஒன்றாகவே வைக்க வேண்டும்.

பெரிய ஸ்டுடியோக்கள் டச்சிங் கலைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. சிறிய ஸ்டுடியோக்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்து ஆங்கிலத் தொழில் இதழ்களில், பிற ஸ்டுடியோக்களின் நெகட்டிவ்களைத் திருத்தித் தருவதாகவும் உருவப்படங்களைப் பெரிதாக்கித் தருவதாகவும் விளம்பரங்கள் வந்தன. கண்ணாடி நெகட்டிவ்களைப் பெட்டியில் அடுக்கி அனுப்பினால், திருத்தப்பட்டுத் திரும்பி வரும். இன்றைய வெளியொப்படைப்பின் நேரான முன்னோடி இதுவே. தலைக்கு இவ்வளவு என்று எண்ணிக்கை அடிப்படையில் கூலி கணக்கிடும் வழக்கம் அன்று தொடங்கி, படத்துக்கு இவ்வளவு என்று இன்றும் நீடிக்கிறது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பதால் இதில் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டனர். வேலையின் சுமை கண்ணின் மேல் விழுந்தது.

எதிர்ப்பும் இருந்தது. இயற்கைவாத ஒளிப்படத்தை வலியுறுத்தி 1889இல் நூல் எழுதிய பீட்டர் ஹென்றி எமர்சன், திருத்தப்பட்ட ஒளிப்படம் மோசமான ஓவியமாகத் தாழ்ந்துவிடுகிறது என்று சாடினார். அவருடைய சினத்தில் நியாயம் உண்டு. மிகையான டச்சிங் முகத்தின் எலும்பமைப்பையே அழித்து மெழுகு பொம்மையாக்கிவிடும். இந்திய ஸ்டுடியோக்களில் இதைவிடக் கவலைக்குரிய போக்கு ஒன்று வளர்ந்தது. வெளுப்பாக்கும் வல்லமை பென்சிலுக்கு உண்டு என்று தெரிந்ததும், பெண் பார்க்க அனுப்பும் படத்தில் பெண்ணைக் கொஞ்சம் கலராகக் காட்டச் சொல்வது வழக்கமாயிற்று. வேதிப்பூச்சின் குறையைச் சரிசெய்யப் பிறந்த கருவி, மனித நிறத்தையே குறையாகக் கருதும் மனப்பான்மைக்குக் கையாளாக மாறியதை வரலாறு மறைக்கக் கூடாது. இன்றைய மென்பொருளின் தோல் மென்மையாக்கும் வசதியிலும் அதே மனப்பான்மை அப்படியே குடியேறியிருக்கிறது.

தொழில்முறைக்கு வெளியே, பொழுதுபோக்காகப் படமெடுப்போரிடம் இதே பிரிவினையைக் கொண்டுபோனவர் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888இல் வந்த கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்பி 10 டாலர் கட்டினால், படங்களும் புதுச் சுருள் ஏற்றிய கேமராவும் திரும்ப வரும். பொத்தானை அழுத்துவது மட்டுமே வாடிக்கையாளர் வேலை என்பதே நிறுவனத்தின் விளம்பரமாக இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த உறவு மிக நுட்பமாக வெளிப்பட்ட இடங்கள் இரண்டு. ஹாலிவுட்டில் ஜார்ஜ் ஹரல் 1931இல் நடிகை ஜோன் கிராஃபோர்டை அதிக ஒப்பனையின்றி எடுத்த உருவப்பட நெகட்டிவில் செம்புள்ளிகளும் கண்ணோரக் கோடுகளும் தெளிவாக விழுந்திருந்தன. ஜேம்ஸ் ஷார்ப் என்ற டச்சிங் கலைஞர் அந்த ஒரு நெகட்டிவில் ஆறு மணி நேரம் உழைத்து அவற்றைக் கரைத்தார். உலகம் அறிந்த அந்தப் பளிங்கு முகம் ஹரலின் விளக்கொளிக்கும் ஷார்ப்பின் பென்சிலுக்கும் சம உரிமையுள்ள சொத்து. மற்றொன்று பாரிஸ். 1913இல் பிறந்து, ஜெர்மனியிலிருந்து அகதியாக வந்த பியேர் காஸ்மன் 1950இல் அங்கே நிறுவிய பிரதிக்கூடம், மேக்னம் கூட்டுறவின் ஒளிப்படக்காரர்களுக்கு நெகட்டிவ்களைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது. அவர்களுள் ஒருவரான ஆன்றி கார்த்தியே-பிரெசோன் இருட்டறையில் நேரம் செலவிட விரும்பாதவர். தெருவில் இருப்பதே தம் வேலை என்று கருதியவர். நெகட்டிவை வெட்டிச் சுருக்கக் கூடாது என்ற அவருடைய கண்டிப்பும், சாம்பல் நிறங்களின் மென்மையைக் குறித்த அவருடைய விருப்பமும் பிரிண்ட் போடுவோருக்கு மனப்பாடம். ஒரு கலைஞரின் பார்வையை இன்னொருவர் கை முழுமையாக உள்வாங்கிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடக் கிடைக்காது. ஆனால் அந்த உள்வாங்கல் பல ஆண்டுப் பழக்கத்தால் வந்தது என்பதை மறக்கலாகாது.

கறுப்பு வெள்ளைப் படத்தைச் சிறு ஊர் ஸ்டுடியோவும் தன் இருட்டறையிலேயே கழுவிக்கொள்ளலாம். 1960இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் பிலிமையும் தாளையும் உள்நாட்டிலேயே தயாரித்தது இந்த ஏற்பாட்டுக்குத் துணைநின்றது. கலர் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. 1972இல் கோடக் கொண்டுவந்து உலகப் பொது முறையாக நிலைத்த சி-41 வழியில், முதற் கரைசல் 37.8 பாகை வெப்பத்தில், கால் பாகைக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தோடு, மூன்றேகால் நிமிடம் பிலிமைத் தழுவ வேண்டும். அதற்கான இயந்திரத்தையும் நாள்தோறும் அதை நிரப்பும் அளவுக்கு வேலையையும் ஒரு சிறு ஸ்டுடியோவால் திரட்ட முடியாது. ஆகவே 1980களில் தமிழகத்துச் சிற்றூர் ஸ்டுடியோக்கள் எடுத்த கலர் ரோல்கள் பேருந்தேறிச் சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களின் கலர் லேப்களுக்குப் போய்த் திரும்பின. இருட்டறை இடித்து உடைமாற்றும் அறையாக்கப்பட்டது. டச்சிங் மேசை ஓரம் கட்டப்பட்டது. அமெரிக்காவில் இந்தப் பாதை சட்டத்தின் வழியாகத் திறந்தது. கோடக் தன் கலர் பிலிமின் விலையிலேயே கழுவும் கட்டணத்தையும் சேர்த்து விற்றதை, போட்டியைத் தடுக்கும் செயல் என்று அரசு எதிர்த்தது. 1954இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கோடக் இரண்டையும் பிரிக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகே தனியார் லேப்கள் பெருகின. திருமணப் படக்காரர்கள் நெகட்டிவ்களை லேபுக்கு அனுப்பிவிட்டு அடுத்த திருமணத்துக்குப் போவதே அங்கும் இங்கும் இயல்பாக இருந்தது.

தாமஸ் நால், ஜான் நால் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தபோது அது பெரும்பாலும் பத்திரிகை அலுவலகங்களின் கருவியாகவே இருந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு ஸ்டுடியோவிலும் நுழைந்தது. பிலிம் செலவும் கழுவும் செலவும் ஒழிந்தன என்று தொழில் மகிழ்ந்தது. அந்தச் செலவு மணி நேரங்களாக உருமாறி ஒளிப்படக்காரரின் மேசைக்கே வந்து சேர்ந்ததை உணரச் சில ஆண்டுகள் பிடித்தன. பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம், நடுத்தர அளவுச் சதுரப் பிலிமானால் 12 படம் என்ற கட்டுப்பாடு இருந்தது. டிஜிட்டலில் ஒரே திருமணத்துக்கு 3,000 படங்கள் எடுப்பது அரிதல்ல. படத்துக்கு 20 விநாடி பார்த்துப் பொறுக்கினாலே ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். பொறுக்கிய 600 படங்களுக்குத் தலா இரண்டு நிமிடம் என்றால் இன்னும் 20 மணி நேரம். ஒரு நாள் திருமணத்துக்கு ஒரு வார மேசை வேலை. இதற்குமுன் ஒன்றரை நூற்றாண்டாகப் பலர் பங்கிட்டுச் செய்த வேலை, கணினி எளிது என்ற நம்பிக்கையால், ஒரே ஆளின் இரவுகளில் வந்து குவிந்தது.

தமிழகத்தில் இதன் அழுத்தம் பருவத்தோடு சேர்ந்து வரும். ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டுடியோ வெறிச்சோடிக் கிடக்கும். தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து எடிட்டரை வைத்துக்கொள்ள முடியாத ஸ்டுடியோவுக்கு, பல ஸ்டுடியோக்களின் வேலையை ஒருசேர வாங்கிச் செய்யும் ஆல்பம் டிசைனரே துணை. மேலை நாடுகளில் இதே தேவை கடல் கடந்தது. பொருள்களின் விளிம்பைக் கணினியில் கோடிட்டுப் பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை, இணைய வணிகம் வளர்ந்தபோது மலைபோல் குவிந்தது. டாக்காவிலும் இந்திய நகரங்களிலும் அதற்கென்றே கூடங்கள் பெருகின. வீடு விற்பனைப் படங்களுக்கு வியட்நாம் பெயர் பெற்றது. நியூயார்க்கைவிட டாக்கா பத்துப் பதினோரு மணி நேரம் முந்தியது. மாலையில் அனுப்பிய படம் மறுநாள் காலைக்குள் திருத்தப்பட்டு வந்துவிடலாம்.

தொழில்நுட்பத் தடை ஒன்று மட்டும் இருந்தது. கேமரா பதிந்த தகவல் எதுவும் குறையாத ரா கோப்பு ஒவ்வொன்றும் 25 எம்பி அளவு வரக்கூடும். ஒரு திருமணத்தை இணையத்தில் ஏற்றவே நாட்கள் ஆகும். அடோபி நிறுவனம் தன் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமின் 5ஆம் பதிப்பில் 2013இல் சேர்த்த வசதி இதைத் தகர்த்தது. நீள்பக்கம் 2,540 புள்ளிகள் மட்டுமே கொண்ட சிறு நகல்களையும், திருத்தக் குறிப்புகளைச் சேமிக்கும் கேட்டலாக் கோப்பையும் அனுப்பினால் போதும்; எடிட்டர் நகலில் செய்த மாற்றங்கள் கேட்டலாக் திரும்பி வந்ததும் மூலப் படத்தில் தாமாகப் படியும். மூலம் ஒளிப்படக்காரரின் வீட்டைவிட்டு நகர்வதே இல்லை. கண்ணாடி நெகட்டிவைப் பெட்டியில் வைக்கோல் சுற்றி அனுப்பிய தலைமுறை கனவு காணாத பாதுகாப்பு இது. பார்வையை ஒப்படைப்பதோ அன்றுபோலவே இன்றும் கடினம். தாம் திருத்திய சில நூறு படங்களை மாதிரியாகக் கொடுத்து, தோல் நிறம் எவ்வளவு வெம்மையாக இருக்கலாம், நிழல் எவ்வளவு ஆழமாக இருக்கலாம் என்று சொல்லி, முதல் சில திருமணங்களைத் திருப்பி அனுப்பித் திருத்தி வாங்கிய பிறகே ஓர் எடிட்டர் ஒருவரின் நடையைப் பிடிக்கிறார். காஸ்மனின் கூடத்தில் நடந்ததும் இதுதான். ஆண்டுதோறும் மலிவான ஆளைத் தேடி மாறும் ஸ்டுடியோக்கள் இந்தப் பழக்கத்தை வளரவிடுவதில்லை. அவற்றின் படங்கள் ஊரார் படங்களைப் போலவே ஆகிவிடுவதற்கு எடிட்டரைக் குறை கூறுவது நியாயமல்ல.

அண்மைக் காலத்தில், படத்தின் ஒரு பகுதியைச் சொன்னபடி நிரப்பும் செயற்கை நுண்ணறிவு வசதி 2023இல் ஃபோட்டோஷாப்பிலேயே இடம்பெற்றது. விளிம்பு வெட்டும் வேலையைக் கணினி நொடியில் செய்கிறது. மிச்சமாகும் நேரம் இம்முறையும் படமெடுப்பவருக்கே போய்ச் சேரும். டாக்காவிலும் தமிழகத்திலும் இரவில் கண்விழித்து இந்த வேலையைக் கற்றவர்களின் கூலியே முதலில் சரியும் என்பதால், ரெடிங் காலத்திலிருந்து அரிதாகவே கேட்கப்பட்ட கேள்வி ஒன்றை, அதாவது முடித்துக் கொடுத்தவரின் பங்கு என்ன என்பதை, இப்போதாவது தொழில் கேட்டாக வேண்டும்.

அதற்கான ஆவணங்கள் நம்மிடையே அழிந்துவருகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடி மின்பதிவு செய்திருக்கிறது. அது மதிக்கத்தக்க பணி. ஆனால் டச்சிங் மேசைகளும், கூலிக் கணக்கு எழுதிய நோட்டுகளும், பென்சில் தடம் படிந்த நெகட்டிவ்களும் இன்னும் ஸ்டுடியோப் பரண்களில் கிடக்கின்றன. ஸ்டுடியோவை மூடும் குடும்பத்தார் அவற்றைக் காயலான் கடைக்குப் போடும் முன் அருகிலுள்ள கல்லூரிக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ ஒரு சொல் சொல்ல வேண்டும். ஸ்டுடியோவில் டச்சிங் செய்தவரின் பெயர் நினைவிருந்தால் நெகட்டிவ் உறையின் மேல் எழுதிவைக்க வேண்டும். தொழிலில் இருப்போருக்கும் கார்ட்னர் ஒரு வழி காட்டியிருக்கிறார்: ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் படமெடுத்தவர் பெயருக்குக் கீழே திருத்தியவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குவது, அடுத்த முகூர்த்தத்திலிருந்தே எந்த ஸ்டுடியோவும் தொடங்கக்கூடிய காரியம்.